மிச்சக் கோப்பியும் பச்சைச் சான்றிதழும்

இரவு பத்து மணிக்குப் பிறகு லண்டன் கனரி வோர்ஃப் வேறு ஊர். பகலில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்யும் அந்தக் கண்ணாடிக் கோபுரங்களுக்குள் அப்போது நடமாடுபவர்கள் காவலாளிகளும் துப்புரவுத் தொழிலாளர்களும்தான். ஈஸ்ட்ஹாமிலிருந்து பஸ் பிடித்து வரும் பெரியகல்லாற்றுக்காரர் ஒருவரும் அவர்களில் அடக்கம். கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடையே பிறந்தவருக்கு வேலையும் தண்ணீருக்கு நடுவிலேயே வாய்த்தது. 1802இல் திறந்து 1980இல் மூடப்பட்ட மேற்கிந்தியக் கப்பல்துறைகள் இருந்த இடம் அது.

2009 முதல் எங்கள் குப்பை எதையும் நிலத்தில் புதைக்க அனுப்பவில்லை, 2012 முதல் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தையே வாங்குகிறோம் என்கிறது வளாக நிர்வாகம். ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக்கைக் குறைத்ததற்காக 2019இல் ஒரு கடல்காப்பு அமைப்பின் அங்கீகாரமும் கிடைத்தது. வணிக வளாகமொன்று அதைப் பெற்றது அதுவே முதல் தடவை. பழைய கப்பல்துறை ஓரங்களில் பச்சை வளர்க்க 2022இல் ஈடன் ப்ராஜெக்ட் என்ற சூழல் அமைப்பும் கைகோத்தது. நல்ல காரியங்கள்தாம். ஆனால் 'புதைப்பதில்லை' என்றால் எல்லாம் மறுசுழற்சியாகிறது என்று பொருளில்லை. இத்தகைய கணக்குகளில் மிச்சம் மின்சாரத்துக்காக எரிக்கப்படும்.

ஒரு காகிதக் கோப்பிக் கோப்பையைக் கிழித்துப் பாருங்கள். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தோல் இழுபட்டு வரும். அதனால் சாதாரணக் காகிதத்தோடு அது சேராது. மூடி ஒரு வாளிக்கு, கோப்பை இன்னொன்றுக்கு, மிச்சக் கோப்பி மூன்றாவதற்கு. பத்துப் பேர் ஒழுங்காகப் போட்டாலும், பதினோராவது ஆள் அரைக் கோப்பை கோப்பியைக் காகித வாளிக்குள் எறிந்தால் போதும். பை முழுக்க ஊறி, குப்பைத் தரம் இறங்கிவிடும். அதைப் பொறுக்கிப் பிரிப்பதும் இரவு வேலைக்காரர்களே.

"குப்பை பிரிக்கவா மனே லண்டனுக்குப் போன நீ?" என்று தொலைபேசியில் சிரிக்கிறார் தாய். அவருக்கு இதெல்லாம் புதினமே அல்ல. மீன் கழிவு தென்னை அடிக்கு, சோற்று மிச்சம் கோழிக்கு, சிரட்டை அடுப்புக்கு. சொப்பின் பைக்குத்தான் அவருடைய வளவில் இடமில்லை. எரித்தால் நாற்றம், எறிந்தால் வாவியோரக் கண்டல் வேர்களில் சிக்கிக் கிடக்கும். 2017 ஏப்ரலில் கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தபின், அதே ஆண்டு செப்டம்பரில் லஞ்ச் சீட்டுக்கும் ரெஜிபோம் பெட்டிக்கும் இலங்கை தடை போட்டது. சட்டம் வந்த வேகத்தில் குப்பை வண்டி எல்லா ஊருக்கும் வந்துவிடவில்லை.

சட்டம் இங்கிலாந்திலும் வந்திருக்கிறது. 2025 மார்ச் 31 முதல், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் உணவுக் கழிவையும் மறுசுழற்சிப் பொருள்களையும் வேறாக்க வேண்டும். சுவரொட்டிகள் புதிதாயின, வாளிகள் கூடின. வாளிகளைக் கழுவும் நேரம் கூலியில் சேர்ந்ததா என்று அந்தச் சுவரொட்டிகளில் எழுதியில்லை. சான்றிதழ் பெறும் வளாகங்கள் தம் ஆண்டறிக்கையில் கார்பனோடு இந்த வேலை நேரத்தையும் கணக்கில் காட்ட வேண்டும்.

அந்தக் கோபுரங்களில் பகல் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் இப்போது பலர். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மிச்சக் கோப்பியைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டுக் கோப்பையை எறியுங்கள்.