மார்க் போடுகிறவர்கள்

வெகுஜன ரசனையைப் பற்றிப் பேச்சு வரும்போது நம் வட்டத்தில் ஒரு சௌகரியம் உண்டு. டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருப்பவன் எதையும் பார்ப்பதில்லை, காட்டப்படுவதை விழுங்குகிறான் என்று தொடங்கிவிட்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. இது முழுக்கப் பொய்யென்று சொல்ல நான் தயாரில்லை. ஆனால் 2022இல், ஆகஸ்டிலிருந்து நவம்பர்வரை, மெல்பர்னில் ஒரு வீட்டுக் கூடத்தில் வாரத்தில் பல இரவுகள் மூன்று பேருடன் உட்கார்ந்து ஒரே நிகழ்ச்சியைப் பார்த்திருக்கிறேன். நிகழ்ச்சியைவிட அவர்களைத்தான் அதிகம் பார்த்தேன் என்றும் சொல்லலாம். அந்த அனுபவத்துக்கு நம்முடைய சௌகரியமான வாக்கியம் போதவில்லை.

நிகழ்ச்சியின் பெயர் ‘தி பிளாக்’. 2003இல் சிட்னியின் பாண்டை பகுதியில், ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டிடத்தில் நாலு ஜோடிகளோடு தொடங்கியது. 2004க்குப் பிறகு சில வருஷங்கள் நின்றிருந்து 2010இல் மறுபடி வந்தது. விதிகள் எளியவை. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு சிதிலமான வீடு, அல்லது வெறும் கூடு. ஏறக்குறைய வாரத்துக்கு ஓர் அறையை முடிக்கவேண்டும். வாரக் கடைசியில் மூன்று நடுவர்கள் வந்து சுற்றிப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். எல்லாம் முடிந்தபின் வீடுகள் ஏலத்துக்கு வரும். குறைந்தபட்ச விலை ஒன்று முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருக்கும். அதற்கு மேலே கிடைப்பது ஜோடிக்கு. மிக அதிகமாகப் பெறுகிறவர்களுக்கு இன்னும் ஒரு லட்சம் டாலர். அத்தனை வாரங்கள் நடுவர்கள் போட்டுவந்த மார்க்குக்கு அன்றைக்கு ஒரு பெறுமானமும் கிடையாது. இந்தக் கடைசி விதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் அறை எடுத்திருந்த வீடு ஓக்லியில் இருந்தது. கிரேக்கர்கள் நிறையப் பேர் வசிக்கும் பகுதி. வீட்டுக்கார அம்மாளும் கிரேக்கர்தான், எழுபதைத் தாண்டிய விதவை. மற்ற இரண்டு அறைகளில் டைல்ஸ் போடும் பஞ்சாபிக்காரர் ஒருவரும், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த மலையாளிப் பெண் ஒருவரும் இருந்தார்கள். நாலு பேருக்கும் நாலு தாய்மொழி. பொதுவாக இருந்தது உடைந்த இங்கிலீஷும் இந்த நிகழ்ச்சியும்.

பஞ்சாபிக்காரர் பார்க்கும் விதம் எனக்குப் புதிதாக இருந்தது. முடிந்த குளியலறையைக் காமிரா தடவிக்கொண்டு வரும்போது நாங்கள் கண்ணாடியையும் குழாயையும் பார்த்துக்கொண்டிருப்போம். அவர் தரையின் வாட்டத்தைப் பார்ப்பார், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று. பிறகு, வெட்டுத்துண்டு எந்த மூலையில் விழுந்திருக்கிறது என்று தேடுவார். சுவரின் நீளம் டைல்ஸின் அளவுக்குச் சரியாக வகுபடுவதில்லை. எங்கேயாவது ஒரு துண்டு வெட்டி வைத்தே தீரவேண்டும். அது கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் வந்தால், வேலை தொடங்குமுன் அளந்து பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒரு வாரத்தில் குளியலறை என்ற விதியே அவருக்குக் கோபம் தந்தது. நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு காய்வதற்கு அதற்கென்று ஒரு காலம் இருக்கிறது. மின்விசிறி வைத்து அதை ஏமாற்ற முடியாது. “இவர்கள் கட்டுவது வீடா, படமா?” என்று கேட்டார். இதற்கு நிகரான ஒரு விமர்சனக் கேள்வியை நம்மில் பலர் ஆயுள் முழுவதும் கேட்டதில்லை.

மலையாளிப் பெண்ணின் கவனம் வேறு இடத்தில். நடுத்தரையில் தனியாக நிற்கும் குளியல் தொட்டி அந்த நிகழ்ச்சியில் ஏறக்குறைய ஒரு மதச் சின்னம். அதைப் பார்த்தவுடன் அவள் கேட்பாள்: பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி எங்கே? எண்பது வயதுக்காரர் இதற்குள் எப்படிக் கால் வைப்பார்? யார் தூக்கி வெளியே எடுப்பது? தினமும் அந்த வேலையைச் செய்துவிட்டு வருகிறவள் கேட்கிறாள். நடுவர்கள் அதே தொட்டியின் வளைவைப் புகழ்ந்துகொண்டிருப்பார்கள். அவள் ஒரு காலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, தன்னுடைய மார்க்கை எழுதிவந்தாள். எட்டு, ஆறரை, ஐந்து. சில சமயம் காரணமும் ஒரு வார்த்தையில் மலையாளத்தில் இருக்கும்.

வீட்டுக்கார அம்மாளுக்கு சமையலறைதான் விஷயம். இந்த வீடுகளில் ஒரு பெரிய சமையலறையும், அதற்குப் பின்னால் மறைவாக இன்னொரு சின்ன சமையலறையும் கட்டுவது வழக்கமாகிவிட்டது. முன்னது பார்க்க, பின்னது புழங்க. “எண்ணெய் தெறிக்காத சமையலறை எதற்கு?” என்பாள். இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் வீட்டிலேயே இரண்டு சமையலறை இருந்தது. உள்ளே இருந்ததில் காப்பிக்கு மேல் எதுவும் நடக்காது. உண்மையான சமையல் கார் நிறுத்தும் கொட்டகையில், ஒரு பழைய அடுப்பில். கிரேக்கரும் இத்தாலியரும் குடியேறிய பல வீடுகளில் இந்த ஏற்பாடு உண்டு. நான் இதைச் சுட்டிக்காட்டியபோது அவள் கூச்சப்படவில்லை. முன்னதைப் புருஷன் தன் கையால் கட்டினானாம், அதனால் அழுக்காக்க மனமில்லையாம். காட்சிக்கு என்று ஒரு பொருளை வைத்திருப்பதற்கு எத்தனை விதமான காரணங்கள் இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

அப்போதைய நடுவர்களில் நீல் விட்டேக்கர் என்பவர், வீட்டலங்காரப் பத்திரிகைகளுக்கு ஆசிரியராக இருந்தவர். கண் உள்ளவர், பேச்சில் நிதானமும் உண்டு. ஆனால் மூன்று பேரும் கடைசியில் ஓர் எண்ணைச் சொல்லியாக வேண்டும். எண் வந்ததும் கூடத்தில் சண்டை தொடங்கும். ஏன் ஒன்பது? வெட்டுத்துண்டு தெரியவில்லையா? க.நா.சு. பட்டியல் போட்டபோது நாம் போட்ட சண்டை நினைவுக்கு வந்தது. பட்டியலே போதும் என்றார் அவர். அலசிக் காட்டவேண்டும் என்றார் செல்லப்பா. ஓக்லியில் அந்த மூன்று பேரும் செல்லப்பா கட்சி. தங்கள் தொழிலிலிருந்து, உடம்பிலிருந்து, அடுப்படியிலிருந்து காரணங்களை எடுத்துவந்து வைத்தார்கள். ரசனை என்பது காரணம் சொல்லமுடியாத ஒரு சொந்த விஷயம் என்று நம்பிக்கொண்டிருக்கிற நம் நண்பர்கள் சிலரை அந்தக் கூடத்தில் கொண்டுபோய் உட்காரவைக்க ஆசைப்பட்டேன்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. பார்வையாளர்கள் அறையை மட்டும் மதிப்பிடுவதில்லை, ஆட்களையும் மதிப்பிடுகிறார்கள். அதில் கருணை கிடையாது. 2021இல் போட்டியாளர்களில் சிலரிடம் தயாரிப்பு அட்டவணையின் புகைப்படம் இருந்தது, எந்த வாரம் எந்த அறை என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது என்ற விவகாரம் வெடித்தது. அந்த வருஷம் கட்டப்பட்ட ஒரு சுவர்கூட யாருக்கும் ஞாபகமில்லை. அந்தப் புகைப்படம் எல்லோருக்கும் ஞாபகமிருக்கிறது. 2022இல் ஒரு ஜோடி தொடங்கிய சில நாட்களிலேயே விலகிப் போனபோதும் இப்படித்தான். எங்கள் வீட்டு அம்மாள், முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்திராத அந்தப் பெண்ணை வாரக்கணக்கில் திட்டிக்கொண்டிருந்தாள். மணிக்கணக்காக எடுத்த படத்திலிருந்து சில நிமிஷங்களை வெட்டி ஒட்டி ஒரு மனுஷியை உண்டாக்க முடியும் என்று சொன்னால் தலையாட்டுவாள், மறுபடி திட்டுவாள். டைல்ஸ் விஷயத்தில் பொய்யைக் கண்டுபிடிக்கிற கண், மனுஷர்கள் விஷயத்தில் எளிதாக ஏமாந்தது. ஒன்றில் அவர்களுக்குப் பயிற்சி இருந்தது, மற்றதில் ஆசை இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த வருஷம் போட்டி நடந்தது கிஸ்போர்ன் என்ற ஊரில், மெல்பர்னுக்கு வடமேற்கே ஐம்பது கிலோமீட்டர் அளவில். ஐந்து வீடுகள், ஒவ்வொன்றையும் சுற்றி ஏக்கர் கணக்கில் நிலம். குறைந்தபட்ச விலை 40 லட்சத்து 80 ஆயிரம் டாலர். ஐந்து ஜோடிகளில் ஒன்று இந்திய வம்சாவளி; ஷாரனும் அங்கூரும். பஞ்சாபிக்காரர் தொடக்கத்திலேயே அவர்கள் பக்கம் போய்விட்டார். வாட்டமும் வெட்டுத்துண்டும் அந்த ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் கொஞ்சம் இளகிவிடும். நான் கிண்டல் செய்தால், “நம்ம பிள்ளைகள்” என்பார். இதையும் ரசனையின் கணக்கில்தான் சேர்க்கவேண்டும். நாமும் நம் நண்பர்களின் கவிதைத் தொகுதிகளை எப்படிப் படிக்கிறோம் என்பது நமக்குத் தெரியும்.

நவம்பரில் ஏலம் வந்தது. ஓமர், ஓஸ் என்ற நண்பர்களின் வீடு 56 லட்சத்து 66 ஆயிரத்து 666 டாலர் 66 சென்டுக்குப் போயிற்று. எழுத்துப்பிழை இல்லை, வாங்கியவர் கேட்ட தொகையே அதுதான். ஐந்துக்குப் பின்னால் வரிசையாக ஆறுகள், ஒரு தோரணம் மாதிரி. அவர்கள் குறைந்தபட்ச விலைக்கு மேல் பெற்றது 15 லட்சத்து 86 ஆயிரத்துச் சொச்சம். இன்னொரு ஜோடிக்குக் கிடைத்த லாபம் 20 ஆயிரம். இரண்டு வீடுகள் அன்று விலைபோகவே இல்லை. அதில் ஒன்று பஞ்சாபிக்காரரின் ‘நம்ம பிள்ளைகள்’ கட்டியது. இத்தனைக்கும் இது புதிதல்ல. 2011இல் ரிச்மண்டில் நாலு வீட்டில் மூன்று ஏலத்தில் போகாமல் நின்றன.

ஏலத்தில் விலை எப்படி உண்டாகிறது என்று கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும். எவ்வளவு பெரிய பணக்காரன் ஆசைப்பட்டாலும் அவன் ஒருவனால் விலை ஏறாது. இரண்டாவது ஆள் வேண்டும். இரண்டாமவன் எங்கே நின்றுவிடுகிறானோ அதற்குச் சற்று மேலேதான் விலை. ஆகவே ஒரு வீட்டின் விலை என்பது, ஒரு சனிக்கிழமை மத்தியானம் பிடிவாதமான இரண்டு பேர் ஒரே இடத்தில் இருந்தார்களா என்ற தகவல். யார் வீடு முதலில் ஏலத்துக்கு வந்தது, அப்போது யாருடைய பை நிறைந்திருந்தது என்பதெல்லாம் அதில் சேர்த்தி. வாட்டம், கைப்பிடி, பின்கட்டுச் சமையலறை எதைப் பற்றியும் அந்தத் தகவல் ஒன்றும் சொல்வதில்லை. வரிசையாக ஆறுகளைச் சொன்னவர் தன் விளையாட்டு மனநிலையைத் தெரிவித்தார், அவ்வளவுதான்.

பஞ்சாபிக்காரர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “வேலை கெட்டுப்போகவில்லை, ஆள் வரவில்லை” என்றார். எனக்கு அது போதும் என்று இருந்தது. மறுநாள் காலை காப்பி போட வந்தபோது காலண்டரைப் பார்த்தேன். மலையாளிப் பெண் ரப்பரால் அழித்திருந்தாள். ஓமர், ஓஸ் வீட்டின் ஆறரைகள் எட்டாகியிருந்தன. விலைபோகாத இரண்டு வீடுகளின் எட்டுகள் கீழே இறங்கியிருந்தன. மலையாளத்தில் எழுதியிருந்த காரணங்களும் சில இடங்களில் இல்லை. கேட்டேன். “நான் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது” என்றாள். கைப்பிடி அந்தத் தொட்டியருகே இப்போது முளைத்துவிட்டதா என்றேன். சிரித்தாள். வாதம் செய்ய அவளுக்கு நேரமில்லை, டூட்டிக்குப் போகவேண்டும்.

எனக்கு வந்த கோபம் அவள்மீது அல்ல. மூன்று மாதமாக அந்தப் பெண் தன் கண்ணால் பார்த்து, தன் தொழிலின் அறிவால் அளந்து எழுதியவை அவை. நடுவர்கள் மாற்றிச் சொன்னபோதெல்லாம் அவள் அசையவில்லை. அவர்கள் வார்த்தைக்கு வார்த்தை வைத்தாள். ஒரு தொகை வந்து விழுந்ததும் தானாக ரப்பரை எடுத்தாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. விற்பனை எண்ணிக்கை தெரிந்தபின் ஒரு நாவலைப் பற்றிய தன் அபிப்பிராயத்தை அரை மார்க் கூட்டிக்கொள்கிற விமர்சகனை நான் பார்த்திருக்கிறேன். பரிசு அறிவிக்கப்பட்ட மறுநாள் ஒரு கவிஞனை ‘மறுவாசிப்பு’ செய்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களிடம் இல்லாத நேர்மை அவளிடம் இருந்தது: அழித்த தடம் தெரியும்படி விட்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கார அம்மாள் கேட்விக் ஓட்டலைப் பற்றிப் பேசினாள். செயின்ட் கில்டாவில், ஃபிட்ஸ்ராய் தெருவில் இருந்த விடுதி. போக்கிடமில்லாதவர்கள் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கிய இடம். இரட்டைச் சகோதரிகள் இருவர் பல காலம் நடத்திவந்தார்கள். அடிதடி, போதை மருந்து என்று தெருக்காரர்களின் புகார்கள் உண்டு, அதுவும் பொய்யல்ல. 2017இல் மூடினார்கள். குடியிருந்தவர்களுக்கு வேறு இடம் தேடித்தர மாநில அரசு ஏற்பாடு செய்தது. டெலிவிஷன் நிறுவனம் கட்டிடத்தை வாங்கி, 2018 போட்டியை அங்கே நடத்தியது. அந்தப் பழைய அறைகளின் கறைபடிந்த சுவர்கள் முதல் வாரத்தில் நன்றாகக் காட்டப்பட்டன, ‘முன்பு’ என்ற தலைப்புக்கு உதவும் அளவில். பிறகு ஐந்து ஆடம்பர வீடுகள் வந்தன, ஏலம் நடந்தது.

“எல்லோரும் அந்த வருஷம் குளியலறைகளைப் பற்றிப் பேசினார்கள், நானும்தான்” என்றாள் அம்மாள். “அந்தச் சுவரில் ஒரு ஆணி இருந்தது. அதில் ஒருத்தன் சட்டை மாட்டியிருப்பான் இல்லையா?”

பஞ்சாபிக்காரர் வாரத்துக்கு என்ன வாடகை வாங்கினார்கள் என்று விசாரித்தார். அவளுக்குத் தெரியவில்லை. அவர் ஒரு தொகையை யூகித்து, எங்கள் அறை வாடகையோடு ஒப்பிட்டு, ஃபிட்ஸ்ராய் தெருவில் அந்த வாடகைக்கு இனி யாருக்கும் அறை கிடைக்காது என்றார்.