நாலு கம்பியும் ஒரு கால் சுத்தும்

ரெண்டு வாரமா ஆபீசில் ஏகப்பட்ட ஆணி. இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியலை. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, அதனால ஒரு சின்ன கொசுவத்தி சுத்திக்கறேன். பொறுத்துக்கோங்க மக்களே :-)

மந்தைவெளியில் எங்க மாமா (அம்மாவோட அண்ணன்) குடியிருக்கற பழைய அடுக்குமாடியை இடிச்சுக் கட்டப்போறாங்க. வீடு காலி பண்ண ஒத்தாசைக்குப் போயிருந்தேன். பரணில் ஏறினா பித்தளை அண்டா, கொலுப்படி, அதுக்குப் பின்னாடி போர்வை சுத்தின நீளமா ஒண்ணு. பிரிச்சா பேஸ் கிடார்! யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து வித்த ஜப்பான் சரக்கு. மாமா கீழே இருந்து நிமிர்ந்துகூடப் பார்க்காம, "அதைப் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடுடா"ன்னார்.

எண்பதுகளில் மாமா ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிச்சார்னு தெரியும். ஏன் விட்டார்னு மட்டும் வீட்டில் யாரும் பேசினதில்லை. நான் நாலு வருஷமா ஆர்வக்கோளாறில் பேஸ் தட்டிக்கிட்டிருக்கற ஆள். பேப்பர்காரனுக்குப் போட மனசு வருமா? ஆட்டோவில் வெச்சு அடையாறுக்கு தூக்கிட்டு வந்துட்டேன்.

வந்து பார்த்தா, கழுத்து வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு. ஒரு பேஸில் நாலு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல இழுக்கும். அதை எதிர்த்து நிக்கத்தான் கழுத்துக்குள்ள டிரஸ் ராடுன்னு ஒரு இரும்புக்கம்பி ஓடுது. மாமா கம்பிகளைத் தளர்த்தாமலே பரணில் போட்டிருக்கார். அத்தனை வருஷ மெட்ராஸ் ஈரமும் வெக்கையும் சேர்ந்து மரத்தை வளைச்சுடுச்சு. முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அழுத்திப் பிடிச்சா, நடுவில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையற இடைவெளி இருந்தா போதும். இதில் ஒரு ரூபாய் காசே நுழைஞ்சுது. ஒரு கடையில் காட்டினேன். "மரம் போச்சு சார், புதுசு வாங்கிடுங்க"ன்னுட்டாங்க.

சரி, போனது போச்சு, நாமளே பார்ப்போம்னு உட்கார்ந்தேன். கம்பியைத் தளர்த்தி, ஆலன் கீயை விட்டு வலப்பக்கமா கால் சுத்து. அவ்வளவுதான். மறுபடி சுருதி கூட்டி ஒரு நாள் சும்மா வெச்சுடணும். மரம் நிதானமாத்தான் நகரும். மூணாம் நாள் பொறுமையில்லாம (டெட்லைன் புத்தி!) அரைச்சுத்து சுத்தினேன். உள்ளேருந்து 'டக்'குனு ஒரு சத்தம். ராடு உடைஞ்சா கழுத்தே காலி. அன்னிக்கு ராத்திரி தூக்கமில்லை. நல்லவேளை, துருப்பிடிச்ச மறை விட்ட சத்தம்தான்.

பக்கத்து வீட்டு வீணை மாமி வந்து பார்த்துட்டு சிரிச்சாங்க. வீணையில் 24 மெட்டும் மெழுகில்தான் உட்கார்ந்திருக்கும். வெயிலில் மெழுகு இளகி ஸ்வரம் விலகினா ஆளை வரவழைச்சு மறுபடி மேளம் கட்டணும். "மரத்தை வெச்சுண்டு அவசரப்பட்டா ஆகுமா?"ன்னாங்க. பத்து நாளில் விசிட்டிங் கார்டு இடைவெளிக்கு வந்துடுச்சு.

அடுத்தது மின்சாரப் பகுதி. ஆம்ப்ளிஃபயரில் சொருகினா ஒரே உறுமல். வழக்கமா கம்பியைத் தொட்டா உறுமல் அடங்கும். இதில் அடங்கலை. அப்படின்னா பிரிட்ஜுக்குப் போற எர்த் ஒயர் அறுந்திருக்குன்னு அர்த்தம். ரிச்சி ஸ்ட்ரீட் போய் 250 கே பாட் ரெண்டு, 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு வாங்கிட்டு வந்து பத்தவெச்சேன். அப்படியே அண்ணா சாலை மியூசி மியூசிகலில் (1842-ல் மிஸ்க்வித் கம்பெனியா ஆரம்பிச்ச கடை!) புதுக் கம்பி ஒரு செட். கடைசியா 12-ஆவது ஃபிரெட்டில் ஹார்மானிக்கையும் அழுத்தின ஸ்வரத்தையும் ஒப்பிட்டு, அழுத்தினது ஏத்தமா இருந்த கம்பிகளுக்கு சாடிலைக் கொஞ்சம் பின்னாடி தள்ளினேன்.

போன சனிக்கிழமை மாமாவை வரச்சொன்னேன். பேஸைப் பார்த்ததும் ஒண்ணும் சொல்லலை. மடியில் வெச்சு, கழுத்தை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அப்புறம் அவரே ஆரம்பிச்சார்.

"நல்ல கீபோர்டு ஒண்ணு வந்துதுடா. அந்தப் பையன் இடது கையிலயே பேஸை வாசிச்சுட்டான். குழுக்காரரைத் தப்பு சொல்லமாட்டேன். ஒரு ஆள் சம்பளம் மிச்சம், வேன்ல ஒரு சீட்டு மிச்சம். ரெண்டு முகூர்த்தத்துக்குக் கூப்பிடலை. மூணாவதுக்கு நானே போகலை."

எங்க டீமில் போன வருஷம் 11 பேர். இப்போ 7. மிச்ச வேலையை எது செய்யுதுன்னு உங்களுக்கே தெரியும். நான் வாயே திறக்கலை.

"யாராவது வித்தியாசம் கண்டுபிடிச்சாங்களா மாமா?"

"கேக்கறவங்களுக்கு என்ன தெரியும்? டிரம்ஸ்காரர் மட்டும் கொஞ்ச நாள் நான் நிக்கிற பக்கமே திரும்பித் திரும்பிப் பார்ப்பாராம். அவர்தான் சொன்னார்."

மூடுபனி (1980) படத்து 'என் இனிய பொன் நிலாவே'யை ஹெட்போனில் போடச் சொன்னார். ஆயிரம் தடவை கேட்ட பாட்டு. குரலை விட்டுட்டு பேஸை மட்டும் பின்தொடரச் சொன்னார். நீங்களும் பண்ணிப் பாருங்க, ஆனா லேப்டாப் ஸ்பீக்கரில் தேடாதீங்க. பேஸோட தடிச்ச கம்பி வெறும் 41 ஹெர்ட்ஸ், அதெல்லாம் அந்தக் குட்டி ஸ்பீக்கருக்கு எட்டாது. அப்படியே கீத் பீட்டர்ஸ் வாசிச்ச ரஹ்மான் பாட்டுகளையும் கேளுங்க. மெட்ராஸ்காரர்தான்.

அப்புறம் மாமா வாசிச்சார். விரல் நுனியில் காய்ப்பெல்லாம் போயிடுச்சு, மூணு நிமிஷத்துல செவந்துடுச்சு. ரெண்டு இடத்துல தடுமாறினார். ஆனா தாளம் ஒரு மயிரிழை நகரலை. நான் பக்கத்துல மேஜையைத் தட்டிக்கிட்டிருந்தேன். அவர் நிறுத்தினதும் என்னை அறியாம திரும்பிப் பார்த்தேன்.

கிளம்பும்போது, "இது இங்கயே இருக்கட்டுமா மாமா?"ன்னு கேட்டேன்.

செருப்பை மாட்டிக்கிட்டே சொன்னார்: "இப்ப வாடகைக்குப் போற வீட்டுல பரணே கிடையாது. ஹால்லதான் வைக்கணும். அடுத்த வாரம் கொண்டுவந்து குடு."

டிஸ்கி: பழைய பேஸ் வெச்சிருக்கறவங்க கவனத்துக்கு. ரொம்ப நாள் எடுக்கமாட்டீங்கன்னா கம்பியைக் கொஞ்சம் தளர்த்திட்டு வைங்க. டிரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுத்துக்கு மேல சுத்தாதீங்க. மீறி 'டக்'குனு கேட்டா நான் பொறுப்பில்லை :-)