இருபத்தெட்டும் இருபத்தொன்பதும்

அம்மாவுக்கு இருபது வருஷமாக சர்க்கரை. கடைசி எட்டு வருஷம் இன்சுலின். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்குப் பால்காரர் வரும் நேரம்கூட மாறும். அம்மாவின் ஊசி நேரம் மாறாது. காலை ஏழு மணிக்கு ஊசி. அப்புறம் விளக்கேற்றி, நாலு பாட்டு பாடி, துளசிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஏழரைக்கு இட்லி. ஊசிக்கும் இட்லிக்கும் அரை மணி இடைவெளி என்பது எங்கள் வீட்டு அரசியல் சாசனம்.

போன வருஷம் டாக்டர் இன்சுலினை மாற்றினார். புட்டியும் சிரிஞ்சும் போய் பேனா வந்தது. மாற்றும்போது அவர் என்னவோ விளக்கமாகச் சொன்னார். நான் அந்த நேரம் பார்த்து செல்போனில் ஆபீஸுக்குத் தலைப்பு சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார், ‘‘எப்பப்பா போட்டுக்கணும்?’’

‘‘எல்லாம் பழைய மாதிரிதாம்மா!’’

‘தெரியாது’ என்ற வார்த்தை பத்திரிகைக்காரன் வாயில் சுலபத்தில் வராது.

மூன்றாம் நாள் காலை, மூன்றாவது பாட்டின் நடுவே சத்தம் நின்றது. ஓடிப் போய்ப் பார்த்தால், அம்மா சுவரில் சாய்ந்திருக்கிறார். ஜாக்கெட் முழுக்க வேர்வை. ‘‘அம்மா...’’ என்றால் என்னை யாரோ மாதிரி பார்க்கிறார். நான் பேப்பரால் விசிறிக்கொண்டு நின்றேன். அண்ணன் மகள்தான் சமையலறைக்கு ஓடி, சர்க்கரையைக் கரைத்து எடுத்து வந்தாள். ‘‘ஆயா, விழுங்குங்க... இன்னும் ஒரு வாய்...’’ மெஷினில் 52 காட்டியது. பத்து நிமிஷத்தில் அம்மாவுக்கு முகம் தெளிந்தது. எனக்குத் தெளிய அன்று முழுக்க ஆயிற்று.

காரைக்காலில் இருக்கும் அண்ணனின் மகள் அவள். காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பயோ இன்ஃபர்மேட்டிக்ஸ் எம்.எஸ்சி. படிப்பதற்காக எங்களோடு தங்கியிருக்கிறாள். பேனாவின் மேல் ஒட்டியிருந்த பேரைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

‘‘சித்தப்பா, இது லிஸ்ப்ரோ. போட்ட கையோட சாப்பிடணும். அரை மணி நேரம் எல்லாம் காக்கக் கூடாது. டாக்டர் சொல்லலையா?’’

சொன்னார். கேட்கத்தான் ஆள் இல்லை.

அன்று சாயங்காலம் அவளிடம் கேட்டேன். ‘‘பழசும் இன்சுலின், இதுவும் இன்சுலின். அதுக்கு அரை மணி, இதுக்கு உடனே. ஏன்?’’

‘‘ரெண்டு பேர் இடம் மாறி உக்காந்துட்டாங்க சித்தப்பா. அவ்வளவுதான்’’ என்றாள்.

நான் பி.காம். பன்னிரண்டாம் வகுப்போடு விஞ்ஞானத்துக்கும் எனக்கும் இருந்த கணக்கு முடிந்துவிட்டது. அதனால் அவள் எனக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன்.

புரதம் என்பது ஒரு மணிமாலை. மணிகளின் பெயர் அமினோ அமிலம். மொத்தம் இருபது வகை. இன்சுலினில் 51 மணிகள். ஏ என்ற சரத்தில் 21, பி என்ற சரத்தில் 30. எந்த மணிக்கு அடுத்து எந்த மணி என்கிற வரிசையை 1955 வாக்கில் முழுசாகக் கண்டுபிடித்து நோபல் வாங்கினார் ஃபிரெடரிக் சாங்கர். ஆனால், வரிசை தெரிந்தால் மட்டும் போதாது. மாலை நீட்டமாகக் கிடப்பதில்லை. சுருண்டு மடிந்து ஓர் உருவம் எடுக்கிறது. இன்சுலினின் அந்த உருவத்தை 1969-ல் டோரதி ஹாட்ஜ்கின் குழு கண்டுபிடித்தது. அதில் நம் நாட்டு எம்.விஜயனும் இருந்தார்.

‘‘ஆயா புடவை கட்டறதைப் பாருங்க’’ என்றாள். ‘‘ஆறு கஜத்துல ஒரு முனையை இடுப்புல சொருகறாங்க. இன்னொரு முனை தோளைச் சுத்தி வந்து அதே இடுப்புல செருகிக்குது. துணியில ரெண்டும் அந்தக் கோடி, இந்தக் கோடி. கட்டினப்புறம் பக்கத்துப் பக்கத்துல. புரதமும் அப்படித்தான். யாரை யார் தொட்டுக்கிட்டு இருக்காங்கன்னு கணக்கெடுக்கறதுதான் என்னோட ப்ராஜெக்ட்.’’

கணக்கு என்றதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். மேலே ஒன்று முதல் வரிசையாக எண்கள். பக்கவாட்டிலும் அதே எண்கள். இரண்டு மணிகளின் நடுக் கார்பன்களுக்கு இடையே 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் தூரம் இருந்தால் அந்தக் கட்டத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. 15-ம் நம்பருக்கு எதிரே 24-ல் ஒரு புள்ளி விழுந்தால், 24-க்கு எதிரே 15-லும் விழுந்தாக வேண்டும். அட, டபுள் என்ட்ரி! கல்லூரியில் நான் தூங்கி வழிந்த அதே பாடம்.

மூலைவிட்டத்தை ஒட்டி விழும் புள்ளிகள் அக்கம்பக்கத்து உறவு. அதில் ஆச்சரியமில்லை. தள்ளித் தள்ளி விழும் புள்ளிகள்தான் விஷயம். அவை தூரத்து உறவு. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் செல்வராஜும், பிற்பாடு சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியரான மைக்கேல் குரோமிகாவும் 2001-ல் இந்தத் தூரத்து உறவுகளை எண்ணினார்கள். சிறிய புரதங்களில் இவை எவ்வளவு அதிகமோ, அவ்வளவு மெதுவாகத்தான் அது மடிந்து உருவாகிறது என்று காட்டினார்கள். நியாயம்தானே? தெருக்கோடியில் இருப்பவரோடு கை கோத்து நிற்க நேரம் பிடிக்காதா?

இந்த ‘எவ்வளவு நெருக்கம்’ என்கிற கேள்விக்கே ஒரு சென்னைக் கதை உண்டு. ஜி.என்.ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். 1954-ல், நம்ம புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையிலிருந்து இந்தியாவிடம் வந்த அதே வருஷம், அவரும் கோபிநாத் கார்த்தாவும் தோலிலும் எலும்பிலும் இருக்கிற கொல்லாஜன் புரதம் மூன்று சரம் சேர்ந்த பின்னல் என்று எழுதினார்கள். அடுத்த வருஷம் அந்தப் பின்னலையே இன்னும் கொஞ்சம் முறுக்கித் திருத்தினார்கள். வெளிநாட்டில் ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்ஸாண்டர் ரிச்சும் குறை சொன்னார்கள்: ‘பின்னல் சரி. ஆனால், சில அணுக்கள் ரொம்ப நெருக்கி உட்கார்ந்திருக்கின்றன. அவ்வளவு நெருக்கம் நடக்காது.’

நானாக இருந்தால் பதிலுக்கு ஒரு கட்டுரை எழுதித் திட்டியிருப்பேன். ராமச்சந்திரன், அதுவரை உலகத்தில் வெளியான படிக அமைப்புகளைத் தேடி எடுத்து, அணுக்கள் நிஜத்தில் எவ்வளவு நெருங்குகின்றன என்று பார்த்தார். கார்பனுக்கும் கார்பனுக்கும் சாதாரணமாக 3.2 ஆங்ஸ்ட்ராம், தள்ளுமுள்ளு என்றால் 3.0. இப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் எல்லை வகுத்தார். அந்த எல்லைகளை வைத்துக்கொண்டு, புரதச் சரம் எப்படியெல்லாம் மடங்கலாம், எப்படி மடங்கவே முடியாது என்று ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு சேர்ந்து 1963-ல் ஒரு வரைபடம் போட்டார். புரதம் படிக்கிற பிள்ளைகள் உலகம் முழுக்க இன்றைக்கும் பார்க்கிற ‘ராமச்சந்திரன் வரைபடம்’ அதுதான். குறை சொன்னவர்களுக்கு ஒரு நன்றி!

‘‘சரி, இடம் மாறின ரெண்டு பேர்?’’ என்றேன்.

பழைய இன்சுலின் புட்டியில் தனித்தனியாக இருப்பதில்லை. இரண்டிரண்டாகக் கைகோத்து, மூன்று ஜோடி சேர்ந்து, துத்தநாகத்தைச் சுற்றி ஆறாக உட்கார்ந்திருக்கும். ஊசி போட்டதும் ஆறு பிரிந்து இரண்டாகி, இரண்டு பிரிந்து ஒன்றானால்தான் ரத்தத்துக்குள் வேகமாகப் போக முடியும். அந்தப் பாகப்பிரிவினைக்குத்தான் அம்மாவின் அரை மணி.

ஜோடி சேரும் இடத்தில் கை கோக்கிறவர்களில் ஒருவர் பி சரத்தின் 28-ம் நம்பர், புரோலின். பக்கத்தில் 29-ம் நம்பர், லைசின். இந்த இரண்டு பேரையும் இடம் மாற்றி உட்கார வைத்தார்கள். எதிர் வரிசைக்காரரைத் தொட்டுக்கொண்டிருந்த பிடி நழுவிவிட்டது. புட்டிக்குள் ஆறாகத்தான் இருக்கிறது. உடம்புக்குள் போனதும் சட்டென்று பிரிகிறது. வேலையிலோ குறைவில்லை. லைசின் - புரோலின் என்பதைச் சேர்த்துத்தான் லிஸ்ப்ரோ என்று பெயர். 1996-லேயே கடைக்கு வந்துவிட்டது. நம் உடம்பில் இன்சுலினுக்கு ஐ.ஜி.எஃப்-1 என்று ஒரு பங்காளிப் புரதம் உண்டு. அதில் இந்த இருவரும் மாறித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். யோசனை அங்கிருந்து வந்தது.

ஒரு தொடுதல் போனால் மருந்து. தேவையில்லாத ஒரு தொடுதல் வந்தால் நோய். ஹீமோகுளோபினில் ஒரு சரத்தின் 6-வது இடத்தில் குளுடாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் உட்கார்ந்துவிட்டால், அது பக்கத்து ஹீமோகுளோபினில் இருக்கிற ஒரு பள்ளத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கயிறாகி, ரத்த அணு அரிவாளாக வளைகிறது. 1952-ல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் கண்டறியப்பட்ட அரிவாள் செல் குறை இதுதான். எத்தனையோ குடும்பங்களின் வலி, ஒரே ஒரு மணியின் தப்பான நெருக்கம்.

இதையெல்லாம் ஊஞ்சலில் உட்கார்ந்து அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார். ‘‘ரெண்டு பேர் இடம் மாறி உக்காந்ததுக்கா எனக்கு மயக்கம் வந்துச்சு?’’

‘‘அதுக்கு இல்ல ஆயா. அதைச் சொன்னப்ப ஒருத்தர் போன்ல இருந்தாரே, அதுக்கு’’ என்றாள் பேத்தி.

சரியாகத்தான் கணக்கெடுத்திருக்கிறாள்.

மறுநாள் டாக்டரிடம் போய், போனை அணைத்து வைத்துவிட்டு, ஒவ்வொரு வரியாகத் திருப்பிச் சொல்லிக் கேட்டு வந்தேன். உங்கள் வீட்டில் பேனாவோ புட்டியோ மாறினால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். என் கட்டுரையை நம்ப வேண்டாம்; நான் பி.காம்.

இப்போது பாட்டும் துளசியும் முதலில். தட்டில் இட்லி வந்த பிறகுதான் பேனா. எதிரே நான். ஒரே வீட்டில், பக்கத்துப் பக்கத்து அறையில் இத்தனை வருஷம் இருந்தும், அம்மா எத்தனை இட்லி சாப்பிடுகிறார் என்பது எனக்கு இந்த ஒரு வருஷமாகத்தான் தெரியும்.

மூன்று. நாலாவதில் பாதியை என் தட்டில் வைத்துவிடுவார்.