இறைக்க இறைக்க

கிணற்றுக்குள் முதலில் இறங்கியவன் நான்தான். நாவலடி, 2005 ஜனவரி இரண்டாம் கிழமை. இடுப்பளவு கறுத்த தண்ணீர். காலில் தட்டுப்பட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினேன். தையல் மெஷின் ஒன்றின் தலை. நசுங்கிய அலுமினியக் குடம். ஈயக்குண்டுகளோடு சுருண்டு கிடந்த வலைத்துண்டு, அதற்குள் சிக்கியபடி மூடி இறுகிய ஒரு பால்மாப் பேணி. மேலே நின்ற கிழவி, நாங்கள் பெத்தா என்று கூப்பிட்டவர், அந்தப் பேணியை வாங்கிச் சீலைத் தலைப்பால் துடைத்து, ஒரு ஆணியால் நெம்பித் திறந்தார். உள்ளே மிளகாய்த்தூள், ஒரு பொட்டு ஈரமில்லாமல். அவர் அதை மணந்து பார்த்தார்.

"இது என்ட கைத்தூள் இல்ல மனே. மேற்கு வீட்டுக்காரிட."

மேற்கு வீட்டில் எவரும் மிஞ்சவில்லை.

நாவலடி என்பது மணல். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒரு நாக்குப்போல நீண்டு முகத்துவாரத்தைப் பார்த்துக் கிடக்கும் மணல். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காலை ஒன்பது மணியளவில் கடல் அந்த மணலைக் கடந்து வாவிக்குள் விழுந்தது. மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டும் 2,800 பேருக்கு மேல் போனார்கள். கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் அடிமண் அரிக்கப்பட்டுச் சரிந்து நின்றது. நான் செங்கலடிக்காரன், கடலிலிருந்து தள்ளி இருந்தவன். அப்போது எனக்கு 23 வயது, சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியர். பள்ளிக்கூடங்கள் அகதி முகாம்களாகிவிட்டதால் படிப்பிக்க இடமில்லை. பைசிக்கிளை எடுத்துக்கொண்டு கல்லடிப் பாலத்தைத் தாண்டிப் போனவன், கிணறு துப்பரவாக்கும் குழுவொன்றில் சேர்ந்தேன்.

அந்த நாட்களில் எல்லோருக்கும் ஒரே பயம், கொலரா. பிணங்களாலும் அழுக்குத் தண்ணீராலும் இரண்டாவது அலையாக நோய் வரும் என்று வானொலி சொன்னது, வந்திறங்கிய வெள்ளைக்காரர்கள் சொன்னார்கள், பி.எச்.ஐ. எனப்படும் சுகாதாரப் பரிசோதகர்மாரும் சொன்னார்கள். அந்த நோய் வரவில்லை. வராமல் பார்த்துக்கொண்டதில் எங்கள் ஊர் சுகாதார ஊழியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தங்கள் சொந்த வீடுகளில் இழவு கிடக்க, முகாம் முகாமாகக் குளோரின் கலந்துகொண்டு திரிந்தவர்களை நான் பார்த்தேன். அவர்களைப் பற்றி எவரும் அதிகம் எழுதவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத மனக்குறை.

எங்கள் வேலை இதுதான். பெட்ரோல் பம்பை வைத்துக் கிணற்றை அடியொட்ட இறைப்பது. சேற்றை வாளியில் அள்ளுவது. வளையங்களைத் தேங்காய்த் தும்பால் தேய்ப்பது. பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி ஓர் இரவு விடுவது. மறுநாள் மணம் போகும்வரை மறுபடி இறைப்பது. கடைசியில் சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து மாத்திரை போட்டு, இளரோஸ் நிறம் வந்தால் கிணற்றுக் கட்டில் வெள்ளைச் சோக்கால் "சரி" என்று எழுதுவது. பின்னேரம் எத்தனை கிணறு என்று படிவத்தில் நிரப்ப வேண்டும். எண் கூடினால் அடுத்த கிழமைக்கு எரிபொருள் கூடும். நாங்களும் எண்ணுக்காக ஓடினோம். அது யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல. ஆனால் ஓடினோம்.

பெத்தாவின் கிணறு இறைத்து முடிந்த மறுநாள் ஊறி நின்றது. கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீர். வாயில் வைத்தேன், உப்பு. குழுவில் மூத்தவர், "கடல் தண்ணி இன்னும் கிடக்கு. இன்னொருக்கா இறையுங்கோ" என்றார். இறைக்க இறைக்கத்தான் கிணறு ஊறும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மறுபடி இறைத்தோம். உப்புக் கூடியது. மூன்றாம் முறைக்குப் பம்பை இழுத்துவந்தபோது பெத்தா குறுக்கே வந்து நின்றார்.

"மனே, போதும். இந்தக் கிணத்துக்குள்ள மேல நல்ல தண்ணி, கீழ உப்புத் தண்ணி. மேல கிடக்கிறத எடுத்தா கீழ கிடக்கிறதுதானே மேல வரும்? எழுபத்தெட்டுச் சூறாவளிக்கும் இப்பிடித்தான் உப்பேறின. நாங்க கிணத்தத் தொடாம விட்டம். மழ வந்து மாத்தின."

சித்திரை, வைகாசி வறட்சியில் அவர்கள் வாளியை ஆழ விடமாட்டார்களாம். கயிற்றை எட்டிப் பிடித்து, வாளியைச் சாய்த்து, மேலாப்பில் மட்டும் அள்ளுவார்களாம். எப்படி என்று கையால் காட்டினார், பாலில் ஆடை எடுப்பதுபோல.

நான் அவரிடம் என்ன சொன்னேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. "பெத்தா, இது மெஷினால கழுவிற கிணறு. நீங்க பயப்படாதீங்க."

ஐந்தாம் முறை இறைத்தபோது பம்ப் தண்ணீரோடு மணலையும் உறிஞ்சியது. கிணற்றைச் சுற்றியிருந்த மண் மெல்ல இறங்கியது. அடி வளையம் ஒரு பக்கம் சாய, மேல் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே அமர்ந்தன. சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. சுனாமி விட்டுப்போன கிணற்றை நாங்கள் மூடினோம். பெத்தா எதுவும் பேசவில்லை. போய் வெட்டுண்ட தென்னங்குற்றியில் குந்தி, வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னதற்கு ஒரு கணக்கு இருப்பது பிறகுதான் தெரிந்தது. கடல்நீர் நல்லநீரைவிடச் சற்றுப் பாரம் கூடியது. அதனால் கடலோர மணலுக்குள் மழைநீர் ஒரு வில்லைபோல உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பதடி ஆழம்வரை நல்ல தண்ணீர் நிற்கும். மேலே ஓரடி வற்றினால் அடியிலிருந்து நாற்பதடிக் கணக்கில் உப்பு ஏறத் தொடங்கும். நூறு வருடங்களுக்கு முன்பே ஐரோப்பியக் கடற்கரைகளில் இரண்டு பேர் இதைத் தனித்தனியே கண்டு எழுதியிருக்கிறார்கள். எங்கள் கிணறுகளில் இதோடு இன்னொன்றும் சேர்ந்தது: அலை கொண்டுவந்த உப்பு கிணற்றுக்குள் மட்டுமல்ல, சுற்றியிருந்த மணல் முழுவதிலும் இறங்கியிருந்தது. ஒவ்வொரு முறை இறைக்கும்போதும் சுற்றுவட்டாரத்து உப்பையெல்லாம் கிணற்றுக்கு அழைத்து வந்தோம். கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அந்த வருடம் கிழக்குக் கரையோரக் கிணறுகளை மாதக்கணக்கில் அளந்தார்கள். திரும்பத் திரும்ப இறைப்பது உதவவில்லை, கெடுக்கவும் கூடும்; மழைதான் கழுவுகிறது என்பதே அவர்களும் கண்டது.

கிணறு இடிந்ததைவிட என்னை உலுக்கியது வேறொன்று. மாசியில் ஒரு வெளிநாட்டு மருத்துவக் குழு கல்லடிப் பக்க முகாம் ஒன்றுக்கு வந்தது. மொழிபெயர்ப்புக்கு ஆள் வேண்டுமென்று என்னைக் கூட்டிப் போனார்கள். சிமெந்துத் தரையில் ஒரு மேசை, நான்கு கதிரை, மருந்துப் பெட்டிகள். மணல் புகுந்து சீழ் பிடித்த காயங்கள் முதல் வரிசையில். அடுத்த வரிசையில் நின்ற பெண்களில் பாதிப்பேர் "நெஞ்சடைக்குது டொக்டர்", "உடம்பெல்லாம் நோவு" என்றார்கள். அதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது? சொன்னேன். பரசிற்றமோல் எழுதினார்கள். 

பகலளவில் ஒரு இளம் தாய் பத்து மாதப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். இரண்டு நாளாக வயிற்றோட்டம். ஜீவனி கொடுத்தும் பிள்ளை சோர்ந்துகொண்டே போகிறது, வாய் காய்கிறது, தண்ணீருக்குப் பறக்கிறது என்றாள். டொக்டர் பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். சுருக்கம் மெதுவாகத்தான் திரும்பியது. "கரைத்த ஜீவனி கையிலிருக்கிறதா?" போத்தலை நீட்டினாள். டொக்டர் மூடியில் ஊற்றித் தன் நாக்கில் வைத்தார். பிறகு எதுவும் சொல்லாமல் என்னிடம் நீட்டினார்.

கடலே வாயில் வந்ததுபோல இருந்தது.

ஜீவனிப் பைக்கற்றில் ஏற்கனவே அளந்த உப்பு இருக்கிறது. அதை ஒரு லீற்றர் நல்ல தண்ணீரில் கரைக்க வேண்டும். அவள் தண்ணீர் பவுசர் வராத அன்று பக்கத்து வளவுக் கிணற்றில் அள்ளியிருக்கிறாள். பிள்ளைக்கான உப்பும் கிணற்று உப்பும் சேர்ந்து, குடித்த பிள்ளையின் உடம்பிலிருந்த தண்ணீரையே வெளியே இழுத்திருக்கின்றன. "அந்தத் தண்ணி உப்பெண்டு தெரியல்லையா தங்கச்சி?" என்று கேட்டேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "கட்டில சரியெண்டு எழுதியிருந்திச்சி அண்ணா."

அது என் கையெழுத்து. அந்தத் தண்ணீரில் கிருமி இல்லைதான். ரோஸ் நிறம் வந்ததுதான். உப்பை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை, நானும் எழுதவில்லை. பிள்ளையை வாகனத்தில் ஏற்றி வைத்தியசாலைக்கு அனுப்பினோம். சேலைன் ஏற்றி மூன்றாம் நாள் நல்லபடி திரும்பி வந்தது. அன்று பின்னேரமே ஈரத்துணியோடு போய், நான் எழுதிய "சரி"களைத் தேடித் தேடி அழித்தேன். உப்புக் கிணறுகளில் "குளிக்க மட்டும்" என்று எழுதினேன். அதன்பின் ஒரு கிணற்றை ஒருமுறைக்கு மேல் இறைக்க மாட்டேன் என்று குழுவில் சொன்னபோது வாக்குவாதம் வந்தது. நான் விலகி, பவுசர் தண்ணீர் பங்கிடும் வேலைக்குப் போனேன்.

அந்த வருடக் கோடையில் மண்முனையில் 'பாதை' ஏறி வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கும் நடமாடும் மருத்துவ முகாம்களுக்குப் போனோம். 2014இல் பாலம் வரும்வரை அங்கே மிதவைப் பாதைதான். அப்போது அந்தக் கரை புலிகளின் கட்டுப்பாட்டில். இந்தப் பக்கம் இராணுவத்தின் சென்ட்ரியில் மருந்துப் பெட்டிகளைத் திறந்து காட்டி, மறுகரையில் மறுபடி காட்ட வேண்டும். உள்ளூர்களில் காய்ச்சலும் சொறியும் பாம்புக்கடித் தழும்புகளும். குடிக்கத் தண்ணீர் எங்கே என்று கேட்டால், வற்றிய வாய்க்கால் மணலில் தோண்டிய பூவலைக் காட்டுவார்கள். முழங்கையளவு குழி. ஒரு பெண்பிள்ளை சிரட்டையால் சுரண்டிச் சுரண்டிக் குடம் நிரப்பிக்கொண்டிருப்பாள். சுனாமிக்கு மறுநாள் சோற்றுப் பொதிகளை ட்ரக்டரில் ஏற்றி எங்கள் பக்கமான எழுவான்கரைக்கு அனுப்பியவர்கள் இதே சனங்கள்தான். தங்களுக்கு எவரும் கிணறு கழுவ வரவில்லையே என்று ஒருவர்கூட எங்களிடம் கேட்கவில்லை. 2007 மார்ச்சில் ஷெல் அடிக்குள் அவர்கள் பல்லாயிரமாக வாவியைத் தாண்டி இந்தக் கரைக்கு வந்தபோது, தாங்கி வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். நான் ஒவ்வொரு தாங்கியையும் முதலில் வாயில் வைத்துப் பார்த்தேன்.

2005 ஐப்பசி முடிவில் மழை பிடித்தது. தை பிறக்கும்வரை விட்டு விட்டுப் பெய்தது.

கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாதென்று சட்டம் போட்டதில் நாவலடிச் சனம் வாவிக்கு அப்பால் திராய்மடுவுக்குப் போயிருந்தது. 2006 தைப்பொங்கல் கழிந்து இரண்டு நாளில் நாவலடிக்குப் போனேன். மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார் பெத்தா. கிழமைக்கு இரண்டு தரம் திராய்மடுவிலிருந்து வந்து வளவைப் பார்த்துவிட்டுப் போகிறாராம். மேற்கு வீட்டுக் கிணறு எங்கள் பம்ப் படாமல் தப்பியிருந்தது. கயிற்றை எட்டிப் பிடித்து, வாளியைச் சாய்த்து, மேலாப்பில் அள்ளினார். அந்தப் பால்மாப் பேணியைத் திறந்து என் உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்தார். தேத்தண்ணியில் ஒரு துளி உப்பில்லை.

நான் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். சொல்லத் தொடங்கும்போதே, "இந்தா, இதப் புடி" என்று ஐந்து லீற்றர் கானைக் கையில் தந்தார். திராய்மடுவில் பவுசர் தண்ணீரில் மருந்து மணக்கிறதாம், பேரப்பிள்ளை குடிக்கிறானில்லையாம். கானை நிரப்பி, மூடியை இறுக்கி, பைசிக்கிள் கரியரில் வைத்துக் கட்டினேன். பெத்தா பின்னால் நடந்துவர, மணலில் பைசிக்கிளைத் தள்ளிக்கொண்டு கல்லடிப் பாலம்வரை போய், பஸ் வரும்வரை நின்றோம்.