வெள்ளை பாஸைப் பிடிக்கப் போனோம்!

டெக்ஸாஸில் எந்த ஏரியைப் பார்த்தாலும் 'யார் கட்டினது?' என்று தைரியமாகக் கேட்கலாம். அநேகமாகத் தப்பாது. கேடோ ஏரி ஒன்றைத்தான் இயற்கை ஏரி என்று வழக்கமாகச் சொல்கிறார்கள். மற்றதெல்லாம் பெரும்பாலும் ஆற்றை மறித்துத் தேக்கியவை. டல்லாஸுக்கு வடக்கே இருக்கும் லூயிஸ்வில் ஏரியும் அப்படித்தான். ட்ரினிடி ஆற்றின் எல்ம் ஃபோர்க் கிளையில் 1927-ல் கார்ஸா அணை என்று ஒன்று கட்டினார்கள். போதவில்லை. ராணுவப் பொறியாளர் படை வந்து, இன்னும் பெரிய அணையை 1955-ல் கட்டி முடித்தது. 1957-ல் பழைய அணையை உடைத்துவிட, ரெண்டு தண்ணீரும் ஒன்றாகிவிட்டன. புது ஆபீஸர் வந்தால் பழைய ஆபீஸரின் நாற்காலி என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா!

இந்த ஏரியில்தான் வொயிட் பாஸ் என்ற மீன் இருக்கிறது. 'பாஸ்' என்றதும் பதறி எழுந்து நிற்க வேண்டாம். இது லீவு தர மறுக்காத பாஸ். வெள்ளி உடம்பு, பக்கவாட்டில் பென்சிலால் இழுத்த மாதிரி கோடுகள், தங்க நிறத்தில் கண். பெரும்பாலும் அரைக் கிலோ சுமாருக்குத்தான் வளரும். ஆனால் தூண்டிலைக் கவ்வினால் ரெண்டு கிலோ மீன் மாதிரி இழுக்கும். பக்கத்து மாநிலமான ஒக்லஹோமாவில் இதுதான் மாநில மீன். இந்தப் பக்கத்து ஆட்கள் செல்லமாக 'ஸாண்டி' என்பார்கள்.

ஒரு அக்டோபர் வியாழக்கிழமை நான் அரை நாள் லீவு போட்டேன். கூட வந்த ராஜபாளையத்து நண்பனுக்கு லீவு தேவைப்படவில்லை. செப்டம்பரில் அவன் கம்பெனி ஒரு காலை வேளையில் ஈமெயில் அனுப்பி, மத்தியானத்துக்குள் அவனுடைய லேப்டாப்பைப் பூட்டிவிட்டது. எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு கம்பெனி கிடைக்க வேண்டும், அல்லது விசா வகையை மாற்ற மனுப் போட வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். அன்றைக்கு அவனுக்கு 41-ம் நாள்.

"மீன் பிடிக்கிற லைசென்ஸ் அடுத்த ஆகஸ்ட் 31 வரைக்கும் இருக்குடா மாப்ள. நான் இருப்பனான்னுதான் தெரியல" என்றான் காரில். சிரித்தோம். டெக்ஸாஸில் 17 வயது ஆகிவிட்டால் பொதுவாக லைசென்ஸ் வேண்டும். (மாநிலப் பூங்காவின் கரையில் உட்கார்ந்து பிடித்தால் தேவையில்லை.) சூப்பர் மார்க்கெட்டில் தக்காளி வாங்குகிற கையோடு இதையும் வாங்கிக்கொள்ளலாம்.

படகுக்காரர்களுக்கு இந்த மீன் சுலபம். எதிரொலிக் கருவி வைத்துக்கொண்டு, மீன் கூட்டம் எங்கேயோ அங்கே போய்விடுவார்கள். கரையில் நிற்பவனுக்கு வேறு வழி கிடையாது, மீன்தான் அவனைத் தேடி வர வேண்டும். கையில் ரெஸ்யூமேயுடன் நிற்கிறவன் கதைதான்.

கல் பாவிய கரையில் ஒரு தாத்தா, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். வெயிலில் வெளுத்த தொப்பி. நாங்கள் காற்றுக்கு மறைவாக, மரத்தடி பார்த்து இடம் பிடிப்பதைக் கவனித்துவிட்டு, வா என்று கையாட்டினார்.

"அங்கே உங்களுக்குச் சௌகரியம். மீனுக்கு இங்கேதான் சௌகரியம்" என்றார்.

விஷயம் இதுதான். காற்று ஒரே திசையில் அடித்தால், கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிரிகள் எதிர்க்கரையில் வந்து ஒதுங்கும். அதைத் தின்ன ஷாட் என்கிற குட்டி மீன் வரும். ஷாடைத் தின்ன நம் பாஸ் வருவார். அதனால் முகத்தில் காற்று அறைகிற கரையில் நிற்க வேண்டும். நரம்பை வீசினால் நம் மேலேயே திரும்பி வந்து விழும், அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். புழு கிழு எதுவும் வேண்டாம். ஷாட் மாதிரியே பளபளக்கும் சின்ன உலோகத் தகடு ஒன்று, அதன் வாலில் முள். வீசுவது, கொஞ்சம் முழுக விடுவது, சுற்றி இழுப்பது. அவ்வளவுதான்.

ரெண்டு மணி நேரம் வீசினோம், இழுத்தோம். ஒன்றுமில்லை. பிறகு நண்பனுக்கு ஒன்று மாட்டியது. ஒரே குதூகலம்! வாயை மூடி, வால் நுனிகளைச் சேர்த்துப் பிடித்து அளந்தோம். ஒன்பதரை அங்குலம். சட்டப்படி 10 இருக்க வேண்டும். சுற்றிலும் போலீஸ் கீலீஸ் யாரும் இல்லை. நண்பன் மீனையே பார்த்தான்.

"போன வாரம் ஒருத்தன், பத்து வருஷ அனுபவம் வேணும், உனக்கு ஒன்பதரைதான் இருக்குன்னு சொல்லிட்டாண்டா" என்றான். தண்ணீருக்குள் கையை விட்டு மெதுவாக மீனை விட்டான்.

ஐந்தரை மணி இருக்கும். தாத்தா எழுந்து நின்றார். தூரத்தில் கடற்புறாக்கள் ஒரே இடத்தில் வட்டமிட்டு, தொப் தொப்பென்று தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தன. அதற்குக் கீழே தண்ணீர் கொதித்தது. பாஸ் கூட்டம் ஷாடைச் சுற்றி வளைத்து மேல் மட்டத்துக்கு விரட்டுகிறது. தப்பி மேலே துள்ளுவதைப் பறவை கொத்துகிறது. கீழே போனால் பாஸ், மேலே போனால் பறவை. அந்தக் கொதிப்பு அப்படியே நகர்ந்து கரையை நோக்கி வந்தது. இருபது கஜம். பத்து கஜம்!

வீசியதெல்லாம் மாட்டியது. கை வலிக்க வலிக்கச் சுற்றினோம். அப்போதுதான் நண்பனின் செல்போன் அடித்தது. கலிஃபோர்னியா நம்பர். அங்கே மணி மூன்றரை, ஆபீஸ் நேரம். அவன் தூண்டிலில் மீன் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு நொடி என்னைப் பார்த்தான். தூண்டிலை என் கையில் திணித்துவிட்டு, மீன் வாடைக் கையாலேயே போனைக் காதில் வைத்து, காற்றுச் சத்தம் கேட்காத இடம் தேடிக் கார் பக்கம் ஓடினான்.

ரெண்டு தூண்டிலோடு நான் ஆடிய நாட்டியத்தைப் பார்த்து தாத்தா வந்து கைகொடுத்தார். நண்பனின் மீன் பதிமூன்று அங்குலம். அதன் வாயைத் திறந்து நாக்கைத் தடவிப் பார்க்கச் சொன்னார். சொரசொரவென்று பல் திட்டு ஒன்று மட்டும் இருந்தால் வொயிட் பாஸ். ஒரு நாளைக்கு 25 வரை வைத்துக்கொள்ளலாம். ரெண்டு திட்டு இருந்தால் ஹைப்ரிட் ஜாதி. அதற்கு 18 அங்குலம் வேண்டும், அஞ்சுக்கு மேல் கூடாது. பார்க்க ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும். நாக்கைப் பார்க்காமல் பையில் போட்டவர்கள் அபராதம் கட்டுவார்களாம்.

நண்பன் திரும்பி வந்தபோது பறவைகள் போய்விட்டன. தண்ணீர் ஒன்றுமே நடக்காதது மாதிரி கிடந்தது. மொத்தம் பதினொன்று.

"என்னடா சொன்னாங்க?"

"செவ்வாய்க்கிழமை ரெண்டாவது ரவுண்டு. என்னுது எத்தனை இன்ச்?"

கிளம்பும்போது தாத்தா ஒரு யோசனை சொல்லி அனுப்பினார். இந்த மீனின் பக்கவாட்டில் தோலுக்கடியில் சிவப்பாக ஒரு பட்டை ஓடும். அதை வெட்டி எறிந்துவிட்டால் கவிச்சி இருக்காதாம். வீட்டுக்கு வந்ததும் நான் கத்தியும் கையுமாக உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தேன்.

"புளிக்குழம்புல போடப்போறதுக்கு இதெல்லாம் எதுக்குடா?" என்று நண்பன் பாதி மீனைப் பிடுங்கி அப்படியே சட்டியில் போட்டான். உள்ளதைச் சொன்னால், சிவப்பு எடுத்த துண்டுதான் நன்றாக இருந்தது. அவன் ஒத்துக்கொள்ளவில்லை. தன் துண்டுகளையே போட்டுச் சாப்பிட்டுவிட்டு, மிச்சக் குழம்பை டப்பாவில் ஊற்றிப் பிரிட்ஜில் வைத்தான். காலண்டரில் செவ்வாய்க்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டான். 46-ம் நாள், காலை பத்து மணி.