குளிர் தேடிய மலைப்பாதை

சித்திரை வெயிலில், குன்னூர்ப் பள்ளியொன்றுக்கு நூல்கள் ஏற்றிய பழைய லாரியில் மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்பட்டோம். கல்லாற்றைக் கடந்து ஏற்றம் தொடங்கியதும் குளிர்சாதனம் அனல் வீசிற்று.

“கேஸ் தீர்ந்துவிட்டது” என்றோம்.

ஓட்டுநர் சிரித்தார். “கேஸ் டீசல் போலச் செலவாவதில்லை, பாய். குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். சமவெளியில் நன்றாகக் குளிர்ந்ததே!”

பர்லியாற்றில் வண்டியை நிறுத்தினார். கண்டென்சர் தகடுகளில் புழுதி அப்பியிருந்தது. மெல்ல ஏறும் வண்டிக்கு எதிர்க்காற்றும் குறைவாதலின் வெப்பம் வெளியேற வழியில்லை. எஞ்சின் ஆறியபின் தகடு வளையாமல் நீரூற்றிக் கழுவினார்; குளிர்ச்சி திரும்பிற்று.

2025 அக்டோபர் முதல் நம் நாட்டில் தயாராகும் லாரிகளுக்கு ஓட்டுநர் அறைக் குளிர்சாதனம் கட்டாயம். பழைய வண்டிகளில் வெந்து உழைப்போருக்கோ இத்தகைய கைத்திறனே துணை. காரணம் ஆராயாது தீர்ப்புக் கூறிய நமக்கு அன்று அவரே ஆசிரியர். இறைவன் அவருக்கு நல்லருள் புரிவானாக!