ஆளை மிச்சம் பிடியுங்கள்

ஈஜோக்கில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் முதல் வாரம் கூட்டத்துக்குக் குறைச்சல் இருக்காது. புக்கிட் ரோத்தான், ஜெராம், பெஸ்தாரி ஜெயா என்று நாலு பக்கமிருந்தும் சனம் வேன் பிடித்து வரும். மைலோ டின்னும் ஆரஞ்சும் கட்டிலுக்கடியில் குவியும். நாலாவது வாரம் எட்டிப் பாருங்கள், பக்கத்தில் புருஷனோ பெண்சாதியோ ஒத்தையாக உட்கார்ந்திருப்பார். தேறி வந்த உடம்பு திரும்பச் சறுக்கினால் தாங்கிப் பிடிக்க ஆள் இருக்காது.

கல்யாண வயதில் நிற்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வந்தது இதுதான்: வருகிற ஆட்களை முதல் வாரத்திலேயே செலவழித்துவிடாதீர்கள்.

என் சம்சாரத்துக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் குழறிப்போனது. பெண்கள் வார்டில் ராத்திரி ஆம்பளையைத் தங்க விட மாட்டார்கள். அந்தச் சட்டம்தான் என்னைக் காப்பாற்றியது என்பேன். வேறு வழியில்லாமல் மகள், கொழுந்தியாள், பக்கத்து வீட்டு அக்கா மூவரையும் உட்காரவைத்துப் பேசி முறை போட்டேன். பார்க்க வந்த பங்காளிகளிடம், “இன்னைக்கு வந்தது போதும்ப்பா, அடுத்த மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து துணி எடுத்துட்டுப் போய்த் துவைச்சுக் கொடு” என்று முகத்துக்கு நேரே சொன்னேன். சிலருக்குக் கோபம் வந்தது. வரட்டுமே. தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் இப்படிக் கேட்கவே வேண்டியதில்லை, இருமினால் பக்கத்துக் காம்பராவில் கேட்கும். தோட்டங்கள் கைமாறி எல்லாரும் தாமான் வீட்டுக்கு வந்து கேட்டைப் பூட்டிக்கொண்ட பிறகு வாய்விட்டுத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

சம்சாரம் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிவிட்டாள், இந்த வாரம் வீடு என்று இருந்தபோது நிமோனியா வந்தது. ஸ்ட்ரோக்கில் தொண்டையும் பலவீனப்படும். குடிக்கிற தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாய்ப் பக்கம் இறங்கிவிடும், சில பேருக்கு இருமல்கூட வராது. அதனால்தான் விழுங்கிப் பார்க்கச் சொல்லிச் சோதிக்கிறார்கள், தண்ணீரில் மாவு கலந்து கெட்டியாகக் கொடுக்கச் சொல்கிறார்கள், மூக்கில் டியூப் போடுகிறார்கள். நோயாளி கெஞ்சுகிறாரே என்று பாவம் பார்த்து ஒரு வாய் பச்சைத் தண்ணீர் ஊற்றுவது பாசமில்லை, பிள்ளைகளா.

டியூப் மறுபடி ஏறிய அன்று அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிசியோ மிஸ்ஸி வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். “எல்லாம் நல்லாயிடும்” என்று நான் சொல்லவில்லை, அதை நம்ப அவள் என்ன குழந்தையா? “நுரையீரல்ல கிருமி. அதுக்கு ஊசி போடறாங்க. அது முடிஞ்சதும் திரும்ப உட்காரப் பழகணும்னு டாக்டர் சொன்னாங்க” என்றேன். நடந்ததும் அடுத்த வேலையும், அவ்வளவுதான். ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் வரும். அது பிடிவாதம் இல்லை. டாக்டரிடம் சொன்னால் அதற்கும் வைத்தியம் உண்டு.

வீட்டுக்கு வந்து கொஞ்ச காலத்தில் ஒரு காலை வாய் கோணி, தூக்கப் பழகியிருந்த கை தொப்பென்று விழுந்தது. ரெண்டாவது ஸ்ட்ரோக் என்று வீடே அலறியது. ஸ்கேனில் புதிதாக ஒன்றுமில்லை, மூத்திரத்தில் கிருமி. காய்ச்சலோ கிருமியோ ஏறும்போது மூளையின் பழைய காயம் திரும்ப முகம் காட்டுமாம். கிருமி அடங்கியதும் கையும் மெல்ல எழுந்தது. ஆனால் வந்திருப்பது புது ஸ்ட்ரோக்கா, பழைய காயமா என்று வீட்டில் இருந்துகொண்டு தீர்மானிக்க முடியாது. ரத்தக் கட்டி கரைக்கும் ஊசியை ஸ்ட்ரோக் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இங்கிருந்து சுங்கை பூலோவோ கிள்ளானோ எங்கே போனாலும் தூரம். உடனே 999-ஐ அழையுங்கள்.

விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவும் கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும். தோள்பட்டைக்குப் பின்னால் கை கொடுத்துத்தான் புரட்ட வேண்டும். இதை முறைக்கு வருகிற எல்லாருக்கும் மிஸ்ஸியிடமே காட்டச் சொன்னேன்.

ஆள் பலம் பெரிய மனிதர்களுக்கும் வேண்டும். 2005 ஜனவரியில் பினாங்கில் டாக்சியில் போனபோது நேர்ந்த விபத்து அரசியல்வாதி கர்பால் சிங்கைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தது. 2008-இலும் 2013-இலும் புக்கிட் குளுகோரில் ஜெயித்து நாடாளுமன்றம் போனார். அவர் மனைவி குர்மிட் கௌர் ஒருவராலேயே அது ஆகிவிடவில்லை. பிள்ளைகள், உதவியாளர் என்று ஒரு கூட்டமே கூட நின்றது. 2014 ஏப்ரலில் அவரைக் கொண்டுபோன விபத்தில் அந்த உதவியாளரும் இறந்தார்.

காசு விஷயம் ஒன்று. அரசாங்க ஆஸ்பத்திரி மூன்றாம் வகுப்பு வார்டுக்கு நாளுக்கு 3 வெள்ளிதான். ஆளை உறிஞ்சுவது பேம்பர்ஸும், பெட்ரோலும், போகாத வேலையின் சம்பளமும். வேலை செய்கிறவர்கள் முதலாளி சொக்ஸோ கட்டுகிறாரா என்று பாருங்கள். வீட்டோடு இருக்கிற 55 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு 2022 டிசம்பரிலிருந்து வருஷம் 120 வெள்ளியில் சொக்ஸோவின் தனித் திட்டம் இருக்கிறது. வீட்டு வேலையில் அடிபட்டாலும், முடங்கிப்போனாலும் கை கொடுக்கும். கல்யாண மண்டபத்துப் பலூன் வளைவுக்கு இதைவிட அதிகம் கொடுக்கிறீர்கள்.

முறை இன்னும் ஓடுகிறது. வியாழக்கிழமை கொழுந்தியாள் வருவாள், நான் சிநேகிதன் வீட்டுக்குக் கேரம் ஆடப் போய்விடுவேன். என் சமையலிலிருந்து ஒருநாள் விடுதலை என்று சம்சாரத்துக்கும் அன்றைக்குத்தான் கொண்டாட்டம்.